தக்காளி நாற்றுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

காலை ஆறு இருபது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சம்பங்கி மாலை. சாவுக்குப் போடும் பருமன். அதற்குப் பின்னால்தான் ஆள் தெரிந்தார்: என் மாமியாரின் தம்பி. வரப்புத் தகராறில் வருடக்கணக்காக எங்கள் நைனார்பாளையம் வீட்டுக்கு வராதவர். அத்தைக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தபோதும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் வார்டு கதவு திறக்கும்போதெல்லாம் அத்தை தலையைத் தூக்கிப் பார்த்ததை நான் கவனித்திருக்கிறேன். (கவனிப்பதுதான் என் பிழைப்பு. செய்தித்தாளில் தலைப்பு திருத்துகிறவன்.)

"எப்ப போச்சு?" என்றார்.

இரவெல்லாம் மழை, மின்சாரம் இல்லை. "ராத்திரியே போயிடுச்சுங்க. காத்து அடிச்சதும் போனதுதான்" என்றேன்.

அவர் படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். கரண்ட்டுக்கு இவ்வளவு அழுபவரை நான் பார்த்ததில்லை. பிறகுதான் அவர் பார்வை போன திசையில் நானும் பார்த்தேன்.

குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் வாசலோரம் இருந்த அத்தையின் காய்கறித் தோட்டம் என் பொறுப்புக்கு வந்திருந்தது. கத்தரிப் புழுவுக்கு வேப்பெண்ணெய் அடித்து ஓரளவு சமாளித்தேன். மழை வரும் போலிருந்தபோது, தக்காளி நாற்று அழுகிவிடும், மேலே எதையாவது கட்டுங்கள் என்றார் அத்தை. பேனர் கடையில் ஒரு பழைய பிளெக்ஸ் வாங்கி, அச்சுப் பக்கம் அடியில் இருக்கும்படி கட்டினேன். என் முடிச்சு காற்றுக்குத் தாங்கவில்லை. பிளெக்ஸ் புரண்டு, படமும் பெயரும் இருந்த பகுதி கிழிந்து பறந்துவிட்டது. மிஞ்சியது தெருவைப் பார்த்து நின்றது: 'கண்ணீர் அஞ்சலி'. விடியலில் அதைப் பார்த்த பால்காரர், இந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பது தெரிந்தவர், தம்பிக்குப் போன் செய்துவிட்டார்.

"யாருங்க மாப்ள?" என்று கேட்டுக்கொண்டே அத்தை வெளியே வந்தார்.

தம்பி எழுந்தார். மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அது இரண்டு பக்கமும் தெரிந்தது. அத்தை பிளெக்ஸைப் படித்தார். தம்பியைப் பார்த்தார்.

"எனக்காடா?"

அவர் தலையாட்டினார்.

"ஆஸ்பத்திரில கெடந்தப்ப வர்ல. செத்தாதான் வருவியா?"

"வந்து, நீ வெளிய போன்னுட்டா இன்னாக்கா பண்றது?"

"இப்ப மட்டும்?"

"இப்ப சொல்ல மாட்டியேன்னுதான் வந்தேன்."

அத்தை தோட்டத்துப் பக்கம் திரும்பினார். பிறகு, "நாத்து இன்னா ஆச்சுன்னு பாரு. மாப்ள மூடி வெச்ச லட்சணத்த" என்றார். அவர் கைகாட்டிய இடத்திலெல்லாம் தம்பி சேற்றில் குனிந்து பார்த்தார். ஒன்றும் தேறவில்லை.

இன்றும் வானம் கறுத்தால் என் மனைவி உள்ளிருந்து கேட்பாள்: "தலைப்பு எந்தப் பக்கங்க?"

அந்த வருடம் தக்காளியைக் கடையில்தான் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் ஆளுக்குச் சேர்த்துச் சமைத்தோம்.