குரங்கு கடித்த கேபிள்

சம்பவம் நடந்தபோது ஹாலில் இருந்தவர்கள்: ஓய்வு பெற்ற ஏட்டு நம்பிராஜன், பிரம்பு நாற்காலியில். அவர் மனைவி மாரித்தாய், தரையில், மடியில் முருங்கைக்கீரை. மகள் மஞ்சு, சோபாவில், கையில் போன். டிவிக்குள் ஒரு மாமியார், ஒரு மருமகள், ஒரு டம்ளர் விஷப்பால்.

மருமகள் டம்ளரை உதட்டருகே கொண்டுபோனாள். அவ்வளவுதான். படம் கட்டம் கட்டமாகச் சிதறி, டம்ளர் ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாக நின்றுவிட்டது.

“குடிச்சாளா, இல்லையா?” என்றாள் மாரித்தாய்.

வெளியே சாரல் அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது.

“நேத்து மண்டபத்துக்குள்ள போலீஸ் நுழையும்போது போச்சு. முந்தாநாத்து ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டப் பிரிக்கும்போது போச்சு. இந்தா பாருங்க, டிஷ் மாட்டுதீகளா, இல்ல நான் எதுத்த வீட்டுல போயி உக்காந்துக்கிடட்டா?”

“மாட்டிருவோம். உன் தம்பிகிட்ட நீயே ஒரு வார்த்த சொல்லிரு.”

“நானா? அவன் மனசு என்ன பாடுபடும்! நீங்கதான் சொல்லணும். நான் கேட்டேன்னு மட்டும் மூச்சு விட்ராதீக.”

சிக்கலே அங்கேதான் இருந்தது. அவர்களுக்குக் கேபிள் கொடுப்பவன் சுடலைராஜ், மாரித்தாயின் கூடப்பிறந்த தம்பி. தென்காசியில் ஒரு மாடியறையில் ஆபீஸ். அங்கிருந்து இவர்கள் வீடிருக்கும் மேலகரம், இலஞ்சி வரைக்கும் கம்பம் கம்பமாக ஒயர் இழுத்திருந்தான். அவன் மகன் தேவாவுக்குத்தான் மஞ்சுவைப் பேசி வைத்திருந்தது. ஆவணி பிறந்ததும் நிச்சயதார்த்தம். இந்த நேரத்தில் சம்பந்தி வீட்டு ஒயரைப் பிடுங்கிப் போடுவதும், வெற்றிலைபாக்குத் தட்டைத் திருப்பி அனுப்புவதும் ஒன்றுதான்.

“ரெண்டும் வேண்டாம்ப்பா. போன்லயே எல்லாம் வருது” என்றாள் மஞ்சு.

“அந்தத் தீப்பெட்டிக்குள்ள எவ மூஞ்சி தெரியும்?” என்றாள் மாரித்தாய்.

நம்பிராஜன் கடைசியாக ஒருமுறை வாதாடிப் பார்த்தார். “பெருமழை அடிச்சா டிஷ்ஷும்தான் படுத்துரும்.”

“பெருமழை என்னைக்காவதுதான். சாரல் தினமும்லா அடிக்குது” என்று மாரித்தாய் வழக்கை முடித்துக் கீரையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

நம்பிராஜனின் முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் பாதி, குற்றாலத்து அருவிக்கரையில் போனது. குடித்துவிட்டு அருவிக்குள் நின்று ஆடுகிற ஆளைக்கூட ஒரே பார்வையில் வெளியே வரவைத்தவர். அப்படிப்பட்டவருக்கு மச்சினனிடம் ஒரு வாக்கியம் சொல்ல நாக்கு எழவில்லை. இரவெல்லாம் புரண்டு படுத்தார். விடியும்போது வழி கிடைத்தது. நாம் சொல்லக் கூடாது, அவன் வாயால் சொல்ல வைக்க வேண்டும். குறை சொல்லிக்கொண்டே இருந்தால் ஒருநாள் அலுத்துப்போய், ‘போயி டிஷ்ஷே மாட்டிக்கிடுங்க’ என்று அவனே சொல்லிவிடுவான்.

காலையில் ஆபீஸுக்கு போன் போட்டார். முதல் மணியிலேயே எடுத்தாள் ஸ்ரீதேவி. போன் எடுப்பது, புகார் எழுதுவது, ஆள் அனுப்புவது எல்லாம் அங்கே அவள்தான்.

“சொல்லுங்க ஏட்டய்யா.”

“நான் இன்னும் வாயே திறக்கலையேம்மா. எப்படிக் கண்டுபிடிச்ச?”

“எல்லாம் தெரியும் ஏட்டய்யா” என்று பெருமூச்சு விட்டாள்.

வாடிக்கையாளரை இப்படி ஞாபகம் வைத்திருக்கிற ஆபீஸையா விடப் போகிறோம் என்று அவருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது. இருந்தாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பத்து நிமிஷம் திட்டினார்.

அடுத்த பத்தாவது நிமிஷம் சுடலைராஜே நனைந்துகொண்டு வந்து நின்றான். மாடிக்கு ஏறினான், இறங்கினான், ஒயர் முனையை மாற்றினான், பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டி வைத்தான்.

“எனக்கு வேற எங்கனயும் கம்ப்ளெயிண்டே கிடையாது அத்தான். உங்க ஒரு வீட்டுலருந்துதான் வருது.”

மாரித்தாய் தம்பிக்கு ஆறு தோசை வார்த்தாள். கை கழுவிவிட்டு வந்தவன் துண்டில் துடைத்தபடி மெதுவாகக் கேட்டான்.

“எதுத்த வீட்டுல டிஷ் வச்சிருக்காக போலிருக்கே அத்தான். நல்லாத் தெரியுதாமா?”

நம்பிராஜனின் போலீஸ் மூளை விழித்துக்கொண்டது. ஆழம் பார்க்கிறான்! ‘நீ அந்தத் தெருப் பக்கம் போனியாலே’ என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டு, அவர் எத்தனை பேரை மடக்கியிருக்கிறார்.

“டிஷ்ஷா? அதெல்லாம் சொந்தபந்தம் இல்லாதவன் வச்சிக்கிடுத சாமான் மாப்ளே. என் கட்டை வேகுற வரைக்கும் இந்த வீட்டுல உன் கேபிள்தான்.”

சுடலைராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. ஏதோ சொல்ல வந்தான், முடியவில்லை. தலையைக் குனிந்தபடி வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

“பாத்தியா, எம்புட்டுப் பாசம்!” என்றார் நம்பிராஜன்.

“பாசம் கெடக்கட்டும். டிஷ் உண்டா, இல்லையா?” என்றாள் மாரித்தாய்.

மூன்றே நாளில் படம் மறுபடியும் நொறுங்கியது. இனி வாயால் ஆகாது என்று நம்பிராஜன் முடிவு செய்தார். குற்றாலத்துக் குரங்குகள் சுற்றுலாக் கூட்டத்தின் தின்பண்டம் அலுத்துப்போனால் மேலகரம் வரைக்கும் உலா வரும். குரங்கு ஒயரைக் கடித்தால் யாருக்கு யார் மேல் கோபம்? ஒயர் இழுத்தால் குரங்கு விடாது, ஆகவே டிஷ். சம்பந்திகள் இரண்டு பேருக்கும் பொதுவான எதிரி ஒன்று கிடைத்துவிட்டது.

அரிவாளோடு மாடி ஏறி ஒயரை ஒரே வெட்டாக வெட்டினார். வெட்டு சுத்தமாக இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்பது தெரிந்தவர் ஆகையால், அம்மிக் குழவியைக் கொண்டுவந்து முனையை நைய நையத் தட்டினார். பிறகு வாழைப்பழத் தோல்களைத் தடயமாகப் போட்டார்.

துணி எடுக்க வந்த மஞ்சு பார்த்துக்கொண்டு நின்றாள். “எந்தக் குரங்குப்பா தோலை இப்படி வரிசையா வச்சிட்டுப் போவும்?”

“ஒழுக்கமான குரங்கு. நீ கீழ போ.”

இந்தத் தடவை சுடலைராஜ் மகன் தேவாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஒயர் முனையை விரலால் தடவிப் பார்த்தான்.

“குரங்குதான். பல்லு பதிஞ்சிருக்கு.”

“தினமும் வருதுக மாப்ளே” என்றார் நம்பிராஜன். “இதுக்கு என்னதான் வழியோ, எனக்கு ஒண்ணும் ஓடல.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். சுடலைராஜும் எதற்கோ காத்திருந்தான். இரண்டு பேரும் அறுந்த ஒயரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னும் ஒரு நிமிஷம் போயிருந்தால் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருப்பார். தேவா முந்திக்கொண்டான்.

“கவலப்படாதீக மாமா! கம்பத்துலருந்து வீடு வரைக்கும் இரும்புப் பைப்புக்குள்ள விட்டு இழுத்துருதேன்!”

சுடலைராஜ் மகனைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தான். செலவை நினைக்கிறான் போல என்று எண்ணிக்கொண்டார் நம்பிராஜன். பொழுது சாய்வதற்குள் பைப்பும் வந்தது, ஒயரும் புதுசாக ஓடியது. வருங்கால மாமனார் முன்னால் தேவா கம்பத்தில் ஏறின வேகத்தைப் பார்த்து மஞ்சு ஜன்னல் வழியாகச் சிரித்தாள்.

“இனிமே குரங்கு இல்ல மாமா, யானையே வந்தாலும் அசையாது!”

நம்பிராஜனுக்கு அழுகை வந்தது. அத்தனை பைப்புக்குப் பிறகும் படம் நாலாம் நாள் நின்றது. மாரித்தாய் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள்.

ஆவணிக்கு இன்னும் பத்தே நாள். நம்பிராஜன் யாருக்கும் தெரியாமல் கடையநல்லூரிலிருந்து டிஷ் மாட்டுகிற மசூதை வரவழைத்தார். மாடியில் ஏறியதும் இரண்டு பேருக்கும் சண்டை.

“டேங்குக்குப் பின்னால வச்சிரு மசூது. ரோட்டுலருந்து தெரியக் கூடாது.”

“தென்கிழக்கு வானம் தெளிவா இருக்கணும் ஏட்டய்யா. அங்கன பூராம் தென்னை. ஒளிச்சு வைக்கதுக்கு இது என்ன கஞ்சாவா?”

கடைசியில் ரோட்டைப் பார்த்த முன்பக்கச் சுவரை ஒட்டித்தான் டிஷ் உட்கார்ந்தது. மசூது அப்படியும் இப்படியும் திருப்பினான். கீழேயிருந்து மாரித்தாயின் கூவல் கேட்டது.

“வந்துட்டு! கண்ணாடி மாதிரி தெரியுது! நல்லவேள, அவ இன்னும் பாலைக் குடிக்கல!”

மூன்று வாரமாக அந்த மருமகள் டம்ளரை உதட்டிலேயே வைத்திருந்தாள்.

அதே நேரம் வாசலில் சுடலைராஜின் வண்டிச் சத்தம். நம்பிராஜன் டிஷ்ஷை அப்படியே மல்லாக்கச் சாய்த்தார். மாடிப்படி மறைவில் மாரித்தாய் மூடி வைத்திருந்த மோர்மிளகாயை அள்ளி அதில் பரப்பினார். திரும்பினால் மசூது நிற்கிறான், சட்டை முதுகு முழுக்க டிஷ் படம். யோசிக்க நேரமில்லை. அவனைத் தண்ணீர் டேங்குக்குள் இறக்கினார்.

“நிச்சயத்துக்குப் பந்தக்காரனப் பாக்கணும் அத்தான்” என்றபடி ஏறி வந்த சுடலைராஜ் நின்றான். “சாரல்ல எதுக்கு மிளகா காயப் போட்டிருக்கீக?”

“ஈரத்துல காஞ்சாத்தான் காரம் நிக்குமாம். உங்க அக்கா சொல்லுதா.”

டேங்குக்குள் ஒரு தும்மல்.

“அது யாரு?”

“டேங்க் கழுவ வந்த ஆளு.”

சுடலைராஜ் குனிந்தான். ஒரு விரலால் இரண்டு மிளகாயை ஒதுக்கினான். அடியில் இருந்ததை வெகுநேரம் பார்த்தான். பிறகு மிளகாயை இருந்த இடத்திலேயே நகர்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

“நல்ல அகலமான தட்டு அத்தான்.”

ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். “ஏலே, இலை போட்டாச்சு, சாப்பிட்டுட்டுப் போ” என்று மாரித்தாய் கூப்பிட்டதற்கு, “அவசர வேல கெடக்குக்கா” என்றான். வண்டி பறந்துவிட்டது. அக்கா வீட்டில் கை நனைக்காமல் அவன் போனது அதுதான் முதல் தடவை.

நம்பிராஜன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “கண்டுபிடிச்சிட்டான்.”

“பாட்டுப் பாடிக்கிட்டுத்தான போறான்?” என்றாள் மாரித்தாய்.

“அதான் பயமா இருக்கு. சும்மா கோவம் வந்தவன் கத்துவான். முடிவே எடுத்தவன்தான் பாடுவான். லாக்கப்புல எத்தன பேரப் பாத்திருக்கேன்.”

“ஒரு டம்ளர் பாலுக்கு என் கல்யாணத்த வித்துட்டீகளே!” என்று மஞ்சு கதவில் முட்டிக்கொண்டு அழுதாள். மாரித்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தத் தடவை அவள் டிவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஏட்டய்யா, நான் வெளிய வரலாமா?” என்று டேங்கிலிருந்து குரல் வந்தது.

நம்பிராஜன் எழுந்தார். செய்ய வேண்டியது ஒன்றுதான். குற்றவாளி பொருளோடு தானே வந்து சரணடைந்தால் தண்டனை குறையும். டிஷ்ஷைக் கழற்றச் சொல்லி, அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் தென்காசிக்குப் போனார். வழியெல்லாம் அதில் ஒட்டியிருந்த மிளகாய் காற்றில் பறந்து ஆட்டோக்காரன் கழுத்தில் விழுந்தது.

மாடியறையில் சுடலைராஜ் கேபிள் ஒளிபரப்புகிற பெட்டிகளின் பிளக்கை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. ஸ்ரீதேவி பையைத் தோளில் மாட்டி, கையில் பூட்டோடு நின்றாள். நம்ம வீட்டு லைனைத்தான் முதலில் வெட்டுகிறான் என்று எண்ணினார் நம்பிராஜன்.

“மாப்ளே! தப்புதான்! இந்தா, கழட்டிட்டேன்!” டிஷ்ஷைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

சுடலைராஜின் கை பாதியில் நின்றது. சிரிப்பு அணைந்தது. டிஷ்ஷைப் பார்த்தான், கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான்.

“கழட்டிட்டீகளா?”

“கழட்டிட்டேன். மசூதே சாட்சி. உன் அக்காதான் கேட்டா, எனக்கு ஆசையே கிடையாது. சத்தியமாச் சொல்லுதேன், ஜென்மத்துக்கும் உன் கேபிள்தான். மஞ்சுவுக்குப் பேரம்பேத்தி பொறந்தாலும் உன் கேபிள்தான்!”

“சரி அத்தான்” என்றான் சுடலைராஜ். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பிளக்கை மெதுவாகத் திரும்பச் சொருகிவிட்டு, நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தான்.

“எந்திரிங்க முதலாளி” என்றாள் ஸ்ரீதேவி.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பிளக்கை வெடுக்கென்று பிடுங்கினாள். டிஷ்ஷை எடுத்து நம்பிராஜனின் கையில் திணித்தாள். முதலாளியைச் சட்டைக் கையைப் பிடித்து எழுப்பி, இரண்டு பேரையும் வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள்.

“போன தையிலயே ஊர் பூராம் டிஷ்ஷுக்குப் போயிட்டு ஏட்டய்யா. உங்க வீட்டு டிவி நின்னா பொண்ணு தர மாட்டீகன்னு பயந்து, ஏழு மாசமா உங்க ஒரு வீட்டுக்காகத்தான் இந்த ஆபீஸையே திறந்து வச்சிருக்கோம்” என்றபடி அவர்களுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.