கண்மாயில் முந்நூற்று நாற்பது வௌவால்

பெட்டி அன்றும் வாயைத் திறக்கவில்லை. நெற்குப்பைக் கண்மாய்க் கரையில் காதில் ஹெட்போனோடு நின்ற ஜோசப் ராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. மனிதக் காதுக்கு எட்டாத வௌவால் சத்தத்தைப் பிடித்து 'டக் டக்' என்று சொல்லும் இரவல் பெட்டி அது. இந்தத் தண்ணீர் மேல் வௌவால் நிறைய வருகிறதென்று வெள்ளிக்கிழமைக்குள் காட்டினால் மூன்று வருட ஆராய்ச்சி வேலை. இல்லாவிட்டால் மறுபடியும் பத்தாம் வகுப்பு டியூஷன்தான்.

கரையில் பாம்பு பயம் வேறு. மறுநாள் துணைக்குச் சின்னக்கருப்பைக் கூட்டிக்கொண்டான். நாகம்மை ஆச்சியின் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக்கு அவர்தான் காவல். ஆச்சி ஊரில் இல்லாதபோது சாவிக்கொத்து இடுப்பை விட்டு இறங்கக் கூடாதென்பது உத்தரவு. கண்மாய்க்கும் அப்படியே வந்தார்.

டக் டக் டக்!

"வந்துருச்சுண்ணே!" என்று குதித்தான் ஜோசப் ராஜ். கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் பெட்டியா பொய் சொல்லும்? நாற்பது என்று எழுதினான்.

நாற்பது போதுமா?

"அண்ணே, அங்குட்டுக் கருவேலம் பக்கம் நடந்து கொஞ்சம் கலைச்சு விடுங்க!"

நடந்தார். நூற்றைம்பது! மறுநாள் ஓடச் சொன்னான். முந்நூற்று நாற்பது! சந்தோஷம் தாங்காமல் சென்னைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

"அவ்வளவா? நானே வந்து பார்க்கிறேன்" என்று வேலை தரவிருந்த டாக்டர் ஆன் மேரி அடுத்த ரயிலில் வந்து இறங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை, பொழுது அடையும் நேரம். ஹெட்போன் டாக்டர் காதில். சின்னக்கருப்பு ஓட ஓட அவர் கண்கள் விரிந்தன. "அற்புதம் ஜோசப்!" என்று வேலை உத்தரவில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்துச் சின்னக்கருப்பின் மனைவி பாண்டீஸ்வரி இரைக்க இரைக்க வந்தாள். "ஏங்க, ஆச்சி திடீர்னு வந்து வாசல்ல நிக்கிறாக! இங்குட்டு என்ன ஓட்டப் பந்தயம்? சாவியக் குடுங்க!" கொத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்த வேகத்தில் போனாள்.

பெட்டி அடங்கிவிட்டது.

"ஓடுங்கண்ணே!"

ஓடினார். சத்தமே இல்லை.

"இன்னும் வேகமா!"

மூச்சு வாங்கியதுதான் மிச்சம். டாக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவை மூடினார்.

சின்னக்கருப்பு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாவி போயிருச்சே சார், பெறகு பொட்டி எப்படிப் பேசும்? சாவி குலுங்குனா நீங்க குதிக்கிறீகன்னு மொத நாளே கண்டுக்கிட்டேன். நல்ல மனுசன் சந்தோசப்படட்டுமேன்னு குலுக்கிக் குலுக்கி எனக்கு இடுப்பே கழண்டு போச்சு!"