நகராட்சி முழங்கால்

உலகத்திலேயே தன் வலது காலைப் பொதுச்சொத்தாக அறிவித்த மனிதர் எங்கள் முழங்கால் மாமா ஒருவர்தான். ஊருக்கு நிலம் கொடுத்தவர்கள் உண்டு, செத்த பிறகு கண் கொடுத்தவர்கள் உண்டு. உயிரோடு இருக்கும்போதே, உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒரு காலை நகராட்சிக்குக் கொடுத்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவரைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதலாம். எழுதத்தான் போகிறேன். ஆனால் நடுவில் நான் செய்த ஒரு காரியம் வரும். அதை விட்டுவிட்டு எழுத எனக்கு யோக்யதை இல்லை.

ஆறடி இரண்டங்குலம் உயரம். ஓர் எஞ்சினியரிங் கம்பெனியில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பம். தாத்தா காலத்திலேயே கொல்கத்தா வந்தாயிற்று. பெயர் எனக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியாது. வங்காளிகளுக்கு ஹாட்டு-தா, எங்களைப் போன்ற இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்களுக்கு முழங்கால் மாமா. இரண்டும் ஒன்றுதான்.

டாக்குரியா தாண்டி ரயில் தெற்கே கொஞ்ச தூரம் போனால் எங்கள் நகராட்சி வரும். சின்னது; பெயர் வேண்டாம். பாங்கில் ஓய்வு பெற்றதும் அங்கே தரைத்தளத்தில் ஒரு ஃப்ளாட் வாங்கினேன். தரைத்தளம் ஏன் சல்லிசாகக் கிடைத்தது என்பது முதல் மழையில் தெரிந்தது.

எங்கள் வார்டில் தண்ணீர் தேங்கும் தெருக்கள் இரண்டு. ஒன்று எங்களுடையது. இன்னொன்று குளத்துக்குப் பின்னால் இருக்கும் ஓட்டு வீட்டுத் தெரு. தண்ணீரை இறைக்க வார்டு அலுவலகத்தில் பம்பு ஒன்றுதான். அது யாருக்குப் போக வேண்டும் என்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் சம்பளமில்லாத ஜலப் பார்வையாளர் ஒருவர். மழை பெய்த காலையில் அவர் தெரு நடுவில் விளக்குக் கம்பத்தடியில் நின்று பார்த்து, எட்டு மணிக்குள் அலுவலக ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ரெஜிஸ்டரில் மூன்றே கட்டங்கள்: கணுக்கால், முழங்கால், இடுப்பு. எந்தத் தெருவில் தண்ணீர் அதிகமோ அங்கே பம்பு. இரண்டிலும் ஒரே அளவென்றால் ரெஜிஸ்டரில் முதலில் இருக்கும் தெருவுக்கு. முதல் வரி எங்கள் தெரு.

வாட்ஸாப் காலத்தில் இது என்ன கூத்து என்று கேட்கலாம். படம் எடுத்தும் அனுப்பிப் பார்த்தோம். ‘படத்தில் தண்ணீர் தெரிகிறது, முழங்கால் தெரியவில்லை’ என்று பதில் வந்தது.

எங்கள் தெருவுக்கு ஜலப் பார்வையாளர் மாமா. பதவி ஏற்ற அன்றே அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. நகராட்சிக்குக் கடிதம் எழுதினார்: ‘முழங்கால் என்று ரெஜிஸ்டரில் கண்டுள்ளது. யாருடைய முழங்கால்?’

பதில் வரவில்லை. நேரே போனார். அலுவலகத்தில் தலைமை எழுத்தர் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் பொடோபாபு; வயதானவர்கள் எல்லோரும் அவருக்கு மேஷோமஷாய்.

“மேஷோமஷாய், முழங்கால்னா முழங்கால்தான். கடவுள் எல்லாருக்கும் ரெண்டு குடுத்திருக்கார்” என்றார் பொடோபாபு.

“ஒரே உயரத்துல குடுக்கலையே!” என்றார் மாமா. “எனக்கு முழங்கால் வரைக்கும்னா உங்களுக்கு இடுப்பு. எதை எழுதறது?”

பொடோபாபு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. எழுந்தால் மாமா சொல்வது நிரூபணமாகிவிடும்.

வேறு வழியில்லாமல் மாமாவே தீர்வு கண்டார். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தெருவில் இருந்த அத்தனை முழங்கால்களையும் அளந்தார். மாடி வீட்டு பௌதி, அதாவது அண்ணி, மட்டும் கதவைத் திறக்க மறுத்து, உள்ளேயே அளந்து எண்ணைக் கூவினாள். “பெண்கள் சொல்லும் அளவில் இரண்டு அங்குலம் சந்தேகத்துக்கு இடமுண்டு” என்று மாமா நோட்டில் குறித்துக்கொண்டார். கூட்டிக் கழித்துச் சராசரி பதினெட்டரை அங்குலம் என்று வந்தது. தன் வலது காலில் அந்த உயரத்தில், சொந்த முழங்காலுக்குக் கீழே, ஒரு சிவப்பு டேப்பைச் சுற்றினார். அதுதான் நகராட்சி முழங்கால். அவருக்குச் சொந்தமானது அதற்கு மேலே தனியாக இருந்தது.

அன்று முதல் அந்தக் கால் அவருடையதாக இல்லை. கரியாஹாட்டுக்குத் துணி வாங்கப் போனாலும், பூஜை பந்தலில் வேட்டியை மடித்துக் கட்டி நின்றாலும், சிவப்பு டேப் தெரியும். ஒரு முறை வழுக்கி விழுந்து வலது காலில் அடிபட்டது. மறுநாளே நகராட்சிக்குக் கடிதம் போனது: ‘அளவுகோல் பழுதடைந்துள்ளது. நான்கு நாட்களுக்கு இடது கால் பொறுப்பு வகிக்கும்.’ அந்தக் கடிதத்துக்கு மட்டும் பதில் வந்தது. ‘அனுமதிக்கப்படுகிறது’ என்று.

கஷ்டம் என்னவென்றால், எங்கள் தெருவில் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் சிவப்பு டேப்புக்கு ஓர் அங்குலம் கீழேயே நின்றுவிடும். முழங்காலுக்குக் கீழே இருக்கும் கட்டம் கணுக்கால். ஆகவே மாமா கணுக்கால் என்று எழுதுவார். பம்பு குளத்துக்குப் பின்னால் போய்விடும்.

“மாமா, ஒரு அங்குலம்தானே. கொஞ்சம் பார்த்துப் போடுங்களேன்” என்று நானே கேட்டிருக்கிறேன்.

“பார்த்துத்தான் ஓய் போடறேன். பார்க்காம போட்டா முழங்கால்னு போட்டிருப்பேன்” என்பார்.

ஓர் ஆவணி மாதக் காலையில் தண்ணீர் எங்கள் வாசற்படி ஏறி உள்ளே வந்தது. புதிதாக வாங்கிய ஃபிரிட்ஜ் பாதத்தை நனைத்துக்கொண்டு நின்றது. கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் என் மனைவியின் கூறைப்புடவை ஊறிவிட்டது. மாமா கம்பத்தடியில் நின்று பார்த்துவிட்டு, கணுக்கால் எழுதப் போய்விட்டார்.

“அந்த மனுஷர் அளக்கறது தண்ணியையா, நம்ம பொறுமையையா?” என்றாள் மனைவி. “நீங்களும் பாங்குல மேனேஜரா இருந்தேளே, நாலு வரி எழுதத் தெரியாதா?”

எழுதத் தெரியும். அன்று மத்தியானமே நல்ல ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதினேன். தற்போதைய பார்வையாளரின் முதிர்ந்த வயதும், இயல்புக்கு மீறிய உயரமும், மங்கிய பார்வையும் அவரை இப்பணிக்குத் தகுதியற்றவராக்குகின்றன என்பது சாரம். அவர் பார்வையில் ஒரு குறையும் கிடையாது. எதிர்வீட்டு மாடியில் காயும் அப்பளத்தை எண்ணிச் சொல்லக்கூடியவர். தெருவில் பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நான் போடவில்லை. ‘எனக்கு அவர் வேண்டியவர், நன்றாக இருக்காது’ என்று சொல்லிவிட்டேன்.

நான்காம் நாள் மாமா என் வீட்டு வாசலில் நின்றார். கையில் மனுவின் நகலும், ‘விளக்கம் தருக’ என்ற நகராட்சிக் கடிதமும்.

“மேனேஜர், என்னை எடுக்கணும்னு எழுதியிருக்கா. கையெழுத்துப் பதினோரு பேர், எழுதினது யாருன்னு தெரியலை. ஆனா கை நல்ல கை. இதுக்குப் பதில் எழுதணும்னா நீர்தான் எழுதணும்.”

நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த மனிதர் எதற்கும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அன்று சொன்னார்: “ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடறது ஒண்ணுதான் ஓய் எனக்கு மிச்சம். அது போகாம பார்த்துக்கும்.”

பார்த்துக்கொண்டேன். மூன்று பக்கத்துக்குப் பிரமாதமான பதில் எழுதினேன். சராசரி எடுத்த விதம், சிவப்பு டேப், அவருடைய நேர்மை எல்லாம் இரண்டாம் பக்கத்திலும் மூன்றாம் பக்கத்திலும் இருந்தன. முதல் பத்தி மட்டும் இப்படி: ‘எனக்கு வயது எழுபத்தெட்டு என்பதும், பார்வை முன்போல் இல்லை என்பதும் உண்மையே. ஆயினும்…’

படித்துவிட்டு, “இது எதுக்கு? எனக்குக் கண்ணு நன்னாத்தானே இருக்கு?” என்றார்.

“பணிவுக்கு மாமா. ஆரம்பத்துல கொஞ்சம் இறங்கிக் குடுத்தா அதிகாரிக்கு மனசு இளகும்.”

“நீர் சொன்னா சரி” என்று கையெழுத்துப் போட்டார்.

எந்த அதிகாரியும் முதல் பத்திக்குக் கீழே படிப்பதில்லை. எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். முப்பத்து நான்கு வருஷம் அதிகாரியாக இருந்து நானும் படித்ததில்லை.

மாமா நீக்கப்பட்டார். அந்த இடத்துக்கு என்னைப் போட்டார்கள். நான் ஐந்தடி இரண்டங்குலம். என் முழங்கால் இயற்கையிலேயே கீழே இருந்தது. போதாத நாட்களில் நானும் காலைச் சற்று மடித்துக்கொண்டேன். முழங்கால் என்று எழுதினேன். ஓட்டு வீட்டுத் தெருவிலும் முழங்கால். முதல் வரி நாங்கள். பம்பு வந்தது. தெருவே எனக்கு ரஸகுல்லா கொடுத்தது.

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. மழை நாட்களில் தன் வீட்டு வாசலில், டேப் சுற்றிய காலோடு தண்ணீரில் இறங்கி நின்று எனக்குக் குரல் கொடுப்பார்: “மேனேஜர்! ஒரு அங்குலம் கீழே! கணுக்கால்!”

“சரி மாமா!” என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய் முழங்கால் எழுதுவேன். அவர் சொன்னதைத்தான் நான் எழுதுகிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தார்; பம்பு வந்தால், குளத்துக்குப் பின்னாலும் கணுக்கால்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். மூன்று மழைக்காலம் இப்படிப் போயிற்று. பிறகு கால்வலி அதிகமாகி சால்ட் லேக்கில் இருக்கும் மகளோடு இருக்கப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் வேலை செய்பவள் மாலதி. ஒரு மழை நாளில் பகல் பன்னிரண்டுக்கு வந்தாள். பாவாடை முழங்கால் வரை நனைந்திருந்தது. என் மனைவி ஏன் லேட் என்று கேட்டதற்கு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “கட்டில் மேல கட்டில் போட்டு மாமியாரை உட்கார வெச்சுட்டு வரேன், பௌதி. முன்னாடியெல்லாம் பம்பு வரும். இப்ப மூணு வருஷமா உங்க தெருவுக்குத்தான் வருது.”

அவள் வீடு குளத்துக்குப் பின்னால் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அதுவரை யோசிக்காமல் இருந்தேன்.

மறு ஞாயிற்றுக்கிழமை சால்ட் லேக் போனேன். மாமாவிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மனு, முதல் பத்தி, ரெஜிஸ்டர். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அடிப்பார், போ என்பார் என்று எதிர்பார்த்தேன். 

“மூணு வருஷமும் முழங்கால்னா போட்டீர்?” என்றார்.

“ஆமாம்.”

“நான் கத்தினது காதுல விழுந்துமா?”

“விழுந்தது மாமா.”

“அது இன்னும் ரெஜிஸ்டர்ல அப்படியேவா இருக்கு?”

“அப்படியேதான்.”

மகளைக் கூப்பிட்டார். “நாளைக்கு டாக்ஸி சொல்லு. நகராட்சிக்குப் போகணும்.”

பொடோபாபுவுக்கு விஷயம் புரியவே அரைமணி ஆயிற்று. “மேஷோமஷாய், அந்தத் தண்ணி எப்பவோ வடிஞ்சு கங்கைக்குப் போயாச்சு. இப்ப திருத்தி என்ன பிரயோஜனம்?”

“வர்ற வருஷம் ரெண்டாவது பம்பு வந்தா அதை எங்கே வைக்கணும்னு எதைப் பார்த்து முடிவு பண்ணுவேள்?”

“இந்த ரெஜிஸ்டரைப் பார்த்துத்தான்.”

“அதான்” என்றார் மாமா.

ஆனால் ஜலத்தைத் திருத்துவதற்கு நகராட்சியில் படிவம் கிடையாது. திருத்தம் என்ற தலைப்பில் இருந்தது ஒன்றே ஒன்று: பிறப்புச் சான்றிதழில் பிழை திருத்தும் படிவம். பொடோபாபு அதை எடுத்து நீட்டினார். குழந்தையின் பெயர் என்ற இடத்தில் தெருவின் பெயரை எழுதினோம். தவறான பதிவு: முழங்கால். சரியான பதிவு: கணுக்கால். அடுத்த கட்டத்தில் தந்தை பெயர் கேட்டிருந்தது. நான் பேனாவைத் தூக்கிக்கொண்டு விழித்தேன்.

“உம்ம பேரைப் போடும். நீர்தானே பெத்தது” என்றார் மாமா.

போட்டேன். பொடோபாபு அதை வாங்கிப் படித்து, சிரிக்காமல் முத்திரை குத்தினார். பிறகு மூன்று வருஷப் பக்கங்களையும் புரட்டி, நான் எழுதிய ஒவ்வொரு முழங்காலையும் சிவப்பு மையால் நானே அடித்துக் கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து மாமா ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். மத்தியானம் ஆகிவிட்டது. யாரும் எனக்கு ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

கடைசியில் பொடோபாபு, “அப்ப இவரை எடுத்துட வேண்டியதுதானே?” என்று என்னைக் காட்டினார்.

மாமா என்னைப் பார்க்காமலே சொன்னார்: “இவரையும் எடுத்துட்டா கம்பத்தடியில யார் நிப்பா? இருக்கட்டும். நான் கேட்டுக்கறேன்.”

அப்படித்தான் கேட்டுக்கொள்கிறார். மழை பெய்தால் காலை ஏழு மணிக்கு சால்ட் லேக்கிலிருந்து போன் வரும். இந்த ஆடியில் பெய்த பெரிய மழையன்றும் வந்தது. நான் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் என் வீட்டுக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மனைவி வாசலிலிருந்து என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு ஓய்?”

“என் முழங்காலுக்கு ஒரு விரற்கடை மேலே மாமா.”

“உம்ம முழங்கால் நம்ம டேப்புக்கு ஒண்ணரை அங்குலம் கீழே. அப்போ என்ன?”

“கணுக்கால்தான். அப்படியே எழுதிடறேன்.”

“இரும், குறிச்சுக்கறேன்.”

அவர் பென்சிலைத் தேடுவதும், நோட்டைப் புரட்டுவதும் போனில் கேட்டன. எண்பதைத் தாண்டிய கை, மெதுவாகத்தான் எழுதும். எழுதி முடித்து அவரே போனை வைக்கும்வரை நான் அந்தத் தண்ணீரிலேயே நின்றுகொண்டிருந்தேன்.