தூள் வறுக்கப் பயிற்சி பெற்றவர்

இந்த வீட்டில் இனிச் சட்டத்தின் ஆட்சிதான் என்று ஒரு செவ்வாய்க்கிழமை முடிவெடுத்தேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக இங்கே வசந்தமலரின் ஆட்சி. ஆகவே இது சின்ன முடிவில்லை.

நான் இந்த வெள்ளைக்கார நாட்டில் ஒரு சாமான் கிடங்கில் சூப்பர்வைசர். அங்கே சுடுதண்ணீர்க் குழாய்க்கு மேலே 'சுடுதண்ணீர் சுடும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். படியேறினால் கைப்பிடியைப் பிடிக்கவேண்டும். பெட்டி தூக்கினால் முழங்காலை மடிக்கவேண்டும். பல்ப் மாற்ற ஒரு படிவம், அந்தப் படிவத்தை நிரப்பப் பழக ஒரு வகுப்பு. இந்த அரசாங்கம் அடுத்ததாகக் கொட்டாவிக்கும் விதி போடும் என்று சொல்லிச் சிரிப்பேன். அந்தச் செவ்வாய்க்கிழமை என்னையே ஒருநாள் வகுப்புக்கு அனுப்பிச் சான்றிதழும் தந்தார்கள். 'யோகராஜா, பாதுகாப்புப் பயிற்சி பெற்றவர்.' மூன்று வருஷம் செல்லுபடியாகும். எனக்குச் சிரிப்பு நின்று, யோசனை வந்தது.

வருகிற சனிக்கிழமை கிரிக்கெட் இறுதி ஆட்டம். பக்கத்து வீட்டுத் தவராசா அண்ணை சுவரளவு டிவி வாங்கிவைத்து, எனக்கென்று ஒரு சாய்கதிரையும் ஒதுக்கியிருந்தார். அதே சனிக்கிழமைதான் வசந்தமலர் கறித்தூளுக்கு மிளகாய் வறுக்கிற நாள்.

எங்கள் வீட்டுத் தூள் வறுப்பு இப்படி: அவள் குசினியில் செத்தல் மிளகாய் வறுப்பாள். நான் குசினி வாசலில் கதிரையில் ஏறி, புகை அலாரத்துக்குத் துவாயால் நாலு மணித்தியாலம் விசிறுவேன். கை ஓய்ந்தால் அலாரம் கத்தும். அலாரம் கத்தினால் அவளும் கத்துவாள். அலாரத்துக்காவது நிப்பாட்ட ஒரு பட்டன் இருக்கிறது.

பிரிட்ஜில் சான்றிதழை ஒட்டினேன். பக்கத்தில் நானே எழுதிய பன்னிரண்டு விதிகளையும் ஒட்டினேன்.

"என்னப்பா இது?"

"வீட்டுப் பாதுகாப்பு விதி. இனி எல்லாம் இதன்படிதான்."

அவள் உரக்க வாசித்தாள். "கதிரையில் ஏறி நிற்பது தடை. செத்தல் மிளகாய்ப் புகை மிகவும் ஆபத்து. பயிற்சி பெற்றவர் தவிர வேறு ஒருவரும் வறுக்கக் கூடாது... அப்ப நான் வறுக்க ஏலாதோ?"

"ஏலாது. நீர் பயிற்சி எடுக்கேல்லையே. எனக்கும் கவலைதான்."

"நான் இருபது வருஷமா வறுக்கிறன்."

"இருபது வருஷமாச் சட்டத்தை மீறியிருக்கிறீர். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

சண்டைக்கு மறுமொழி எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவளோ தலையை ஆட்டினாள்.

"ஓம், சட்டமெண்டாச் சட்டம்தான். கீழை ஒரு கையெழுத்துப் போடுங்கோ."

போட்டேன். தேதியும் போட்டேன். அவள் அதைப் போனில் படமெடுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூன்று நாள் விசிலடித்தபடி திரிந்தேன்.

சனிக்கிழமை கிரிக்கெட் சட்டையோடு படியிறங்கினேன். கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்கினேன். சோபாவில் வசந்தமலர் புதுச் சீலையோடு இருந்தாள்.

"எங்கை போறியள்?"

"தவராசா அண்ணை வீட்டை. மட்ச்."

"அப்ப தூளை ஆர் வறுக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை. அதுதானே தடை."

"பயிற்சி இல்லாத ஆக்களுக்குத்தான் தடை. இந்த வீட்டில ஆருக்குப் பயிற்சி?"

குசினியை எட்டிப் பார்த்தேன். மூன்று கிலோ செத்தல் மிளகாய். பக்கத்தில் வறுக்கிற தாச்சி, கையுறை, மாஸ்க். என் வேலையிடத்து மஞ்சள் ஜாக்கெட்டை அயன் பண்ணி மடித்து வைத்திருந்தாள்.

"அலாரத்துக்கு ஆர் விசிறுறது? கதிரையில ஏறக் கூடாது!" எனக்கு இருந்த கடைசிச் சீட்டு அது.

"தும்புத்தடியில துவாயைக் கட்டி வைச்சிருக்கிறன். நிலத்தில நிண்டு விசிறலாம். கொஞ்சம் கிண்டிப்போட்டு வந்து விசிறுங்கோ, விசிறிப்போட்டுப் போய்க் கிண்டுங்கோ. ஓடாதேங்கோ. வீட்டுக்குள்ள ஓடுறது ஏழாம் விதிப்படி தடை."

கோலிங் பெல் அடித்தது. தவராசா அண்ணையின் மனைவி கலாவதி அக்கா இரண்டு பெரிய பைகளோடு நின்றா.

"தம்பி, வசந்தி உங்கட விதியை எங்கட வட்ஸ்அப் குரூப்பில போட்டவ. எங்கட வீட்டிலையும் ஒருத்தருக்கும் பயிற்சி இல்லை. இதையும் ஒருக்கா வறுத்து விடும். மற்ற ஆக்கள் பின்னேரம் கொண்டு வருவினம்."

"மற்ற ஆக்களோ?"

வசந்தமலர் கைப்பையை எடுத்துவிட்டாள். "வாங்கோ அக்கா, டாஸ் போடப் போறாங்கள். இருபது வருஷமா இந்தத் தூளால நான் ஒரு மட்ச் ஒழுங்காப் பார்க்கேல்லை."

எனக்கு ஒதுக்கிய சாய்கதிரையில் அவள் இருந்த செய்தி, அவள் அனுப்பிய படத்தில் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டல். இந்தப் பக்கம் அலாரம். நான் ஓடவில்லை. நடந்து போய் விசிறினேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரிட்ஜைப் பார்த்தேன். சான்றிதழின் மூன்று வருஷத்தில் நாலு நாள்தான் கழிந்திருந்தது.