சாக்பீஸால் கியர் பார்த்த டைலர்

மதுரையில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற அத்தனை பேரும் ஒரு பக்கம், எங்கள் அவனியாபுரம் தெரு டைலர் ஒரு பக்கம். மற்றவர்கள் வண்டியில் உட்கார்ந்து போவார்கள். டைலர் நின்றுகொண்டேதான் போவார். அவர் வண்டியில் சீட்டே கிடையாது.

பாறை மேல் ஏறி இறங்குவதற்கென்றே செய்த வண்டி அது. அதற்கென்று நடக்கும் போட்டியில் வேகமெல்லாம் கணக்கில்லை. ஓட்டுகிறவர் கால் தரையில் படக்கூடாது, பட்டால் ஒரு புள்ளி போய்விடும். அறுபதை நெருங்குகிறவருக்கு எதற்கு இந்த வேலை என்று ஒருநாள் கவலையோடு கேட்டேன். "நாள் முழுக்க மிஷின்ல உக்காந்தேதான சார் இருக்கேன். வண்டிலயாவது நிக்கிறேனே" என்றார்.

தெருவில் குழாய் பதிக்கத் தோண்டி மண்ணை மலையாகக் குவித்தபோது நாங்கள் எல்லோரும் தோண்டியவர்களைத் திட்டினோம். டைலர், குழியை மூட வந்தவர்களைத் திட்டினார். இன்னொரு நாள் என் வீட்டு ஏழு வாசற்படிகளிலும் வண்டியோடு ஏறி வந்தார். மேல் படியில் கால் ஊன்றாமல், அசையாமல், சிலை மாதிரி நின்று, "சார், உங்க பேண்ட் ரெடி" என்று ஒரு கையால் நீட்டினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு வாங்கினேன். பேண்ட்டில் இடுப்பளவும் சரியாக இருந்தது.

போன வருஷம் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டார். கடையில் காஜா எடுப்பது, பட்டன் தைப்பது எல்லாம் அவர் மனைவி செல்வி. ஒரு மாதம் வெட்டும் வேலையும் அவர் தலையில் விழுந்தது. கட்டுப் பிரித்த அன்று செல்வி தீர்ப்புச் சொன்னார்: "பொங்கலுக்கு வாடிப்பட்டிப் பாறையில நடக்குற போட்டியில ஏறிக்கங்க. கால ஊனாம வந்தா வண்டி இருக்கட்டும். ஒரு தடவ ஊனுனாலும் வித்துருவேன்." குரலை உயர்த்தவே இல்லை. அதனால் எனக்குப் பயமாக இருந்தது.

போட்டிக்கு முதல் நாள் கியர் மக்கர் செய்தது. லீவரைக் காலால் தூக்கினால் இரண்டாவது விழும். மறுபடி தூக்கினால் லீவர் சும்மா ஆடும், மூன்றாவது வராது.

கிளட்ச்தான் என்று சத்தியம் செய்தார் டைலர். கிளட்ச் கேபிளை இறுக்கினார், தளர்த்தினார். பலனில்லை. ஆயில்தான் என்று மாற்றினார். அதுவும் இல்லை. தெருமுனை மெக்கானிக் வந்து இரண்டு தரம் லீவரை ஆட்டிவிட்டு, உள்ளே கியரைத் தள்ளுகிற கவை வளைந்திருக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும், பொங்கல் கழித்து வாருங்கள் என்றார்.

"மாப்ள, அளவெடுக்காம நான் துணியில கத்திரி வைக்கிறதில்ல. எஞ்சின எப்படிப் பிரிப்பேன்?" என்று அவரை அனுப்பிவிட்டார் டைலர்.

பிறகு அவர் செய்ததை நான் இதுவரை எந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை. காதில் செருகியிருந்த சாக்பீஸை எடுத்து, லீவர் சும்மா நிற்கும் இடத்தில், எஞ்சின் மேல் ஒரு கோடு போட்டார். லீவரைத் தூக்கி விட்டார். இன்ச் டேப்பை வைத்துப் பார்த்தார். லீவர் கோட்டுக்கு வந்து சேரவில்லை. அரை இன்ச் மேலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் லீவர் பழைய இடத்துக்குத் திரும்பினால்தான் அடுத்த கியரைப் பிடிக்கும்.

"உள்ள ஸ்பிரிங் ஒடஞ்சிருக்கணும். இல்லாட்டி வெளியில என்னமோ தடுக்குது. வெளியில பாத்துருவோம் சார்."

லீவரைக் கழற்றினார். அதன் பின்னால், லீவர் மாட்டியிருந்த தண்டைச் சுற்றி, சேறு ஏறிக் காய்ந்து கல்லாகிப்போன ஒரு வளையம். சுரண்டினால் உள்ளே கறுப்புக் கயிறு. கண் படக்கூடாதென்று வண்டிக்கு வண்டி கட்டுவோமே, அந்தக் கயிறு. மற்ற வண்டிகளில் முன்னால் கட்டுவார்கள். முன்விளக்குகூட இல்லாத இந்த வண்டியின் முன்னால் கட்ட என்ன இருக்கிறது? கட்டியவர் தேடித் தேடி இந்தத் தண்டைப் பிடித்திருக்கிறார்.

டைலர் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டன் தைத்து முடிக்கையில் செல்வி போடும் முடிச்சு அது. அறுத்துவிடுவார் என்று நினைத்தேன். நகத்தால் மெதுவாக அவிழ்த்தார்.

"என்னங்க, எஞ்சின் போயிருச்சா?" என்று கடைக்குள்ளிருந்து செல்வி கேட்டார்.

"இல்ல. மண்ணு அடைச்சிருக்கு" என்று சொல்லிக் கயிற்றைச் சட்டைப் பைக்குள் போட்டார் டைலர்.

மறுநாள் பாறையடியில் அவர் இடது கணுக்காலில் அந்தக் கயிறு இருந்தது, கழுவி, பளிச்சென்று. செல்வி கயிற்றைப் பார்த்தார். கியர் லீவரைப் பார்த்தார்.

டைலர் ஏறினார். வண்டி ஆடு மாதிரிப் பாறைக்குப் பாறை தாவியது. நடுவில், நான் நிற்கவே பயப்படுகிற ஒரு சரிவில், அவர் நின்று யோசித்தார். கியர்கள் கேட்டபோதெல்லாம் விழுந்தன. உச்சிக்கு ஒரு முழம் இருக்கையில் பின்சக்கரம் வழுக்கியது. இடது கால் பாறையைத் தொட்டு மீண்டது. வண்டி மேலே ஏறிவிட்டது.

புள்ளி போடுகிற பையன் ஒரு விரலைத் தூக்கினான்.

செல்வி அவனிடம் போனார். "ஊனல தம்பி."

"அக்கா, நான் பாத்தேனே."

"நான் அவரு கால மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். ஊனல."

பையன் என்னைப் பார்த்தான். நான் என் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

ஒரு புள்ளியை அவன் குறைத்துக்கொண்டான். வண்டியை யாரும் விற்கவில்லை. இப்போதும் விடிந்ததும் தெருவில் டைலர் வண்டியின் சத்தம் வரக் கொஞ்சம் தாமதமானால், காபியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்து எட்டிப் பார்க்கிறேன்.