உப்பு ஏரிப் பெடியளும் எங்கள் வீசாவும்

லின்ஃபீல்ட், ஓக்லண்ட்
14.09.1997

அன்புள்ள மைத்துனர் ஆனந்தராசாவுக்கு,

அத்தான் கதிர்காமநாதன், பழைய மதத்திலேயே இருந்துகொண்டு எழுதுவது. இங்கே நானும் உம்முடைய அக்கா செல்வநாயகியும் மழையோடும் முழங்கால் நோவோடும் சுகமாக இருக்கிறோம். ரொறன்ரோவில் நீரும் சாந்தகுமாரியும் பிள்ளைகளும் பனி தொடங்குமுன்னரே எல்லாச் சுகமும் பெற நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். கவனியும், நல்லூர்க் கந்தனைத்தான் வேண்டுகிறேன்.

உம்முடைய கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. நானும் அக்காவும் மோர்மன் என்கிற கிறிஸ்தவ சபையில் சேர்ந்துவிட்டோம் என்றும், வெள்ளைச் சட்டைக்காரர் இரண்டு பேர் என்னைத் தண்ணீரில் முக்கி எடுத்து ஞானஸ்நானம் கொடுத்ததைக் கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறதென்றும், இனி எனக்கும் உமக்கும் கதை பேச்சு இல்லையென்றும் எழுதியிருக்கிறீர். சாட்சி இங்கே பக்கத்துக் கிளென் ஈடனில் இருக்கிற மகேசன் என்பது எனக்குத் தெரியும். அந்த மனுசன் கண்டது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றை அவர் காணவில்லை. ஆகையால் ஆறுதலாக இருந்து இதை வாசியும்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் வீசா. மகன் கௌசிகன் எங்களை இங்கே கூப்பிட்டு, நிரந்தரமாக இருக்க விண்ணப்பம் போட்டுப் பத்து மாதம் ஆகிறது. பதில் இல்லை. கையில் இருக்கிற வீசா டிசம்பரோடு முடிகிறது. பிறகு திரும்பிப் போக வேண்டும். எங்கே போவது, சொல்லும்? கிளிநொச்சியில் வீடு இருந்த இடத்தில் இப்போது வீடு இல்லை. ஒரு அதிகாரி எந்த நேரமும் வந்து விசாரிக்கலாம் என்று கௌசிகன் சொல்லி வைத்திருந்தான். ஜூலை மாதம் ஒரு பகல், கொட்டுகிற மழையில் சைக்கிளில் இரண்டு பெடியள் வந்து கதவைத் தட்டினார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, நெஞ்சிலே கறுப்புத் தகட்டில் பெயர். என்னுடைய கண்ணாடி அக்காவின் மூக்கில் இருந்ததால் பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறதென்று நான் வாசிக்கவில்லை. டையும் தகடும் இருந்தால் அது அரசாங்கம்தான் என்று முப்பத்தொரு வருஷம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் குப்பை கொட்டினவனுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிவந்து இருத்தி, பைலை எடுத்து மடியில் வைத்து, பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, பொலிஸ் அறிக்கை, பென்சன் கடிதம் என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். பெடியள் அசையாமல் கேட்டார்கள். பாட்டனாரின் பெயர் கேட்டார்கள், பாட்டனாரின் தகப்பனார் பெயரும் கேட்டார்கள், அதைக் கொப்பியில் எழுதவும் எழுதினார்கள். என்ன ஒரு முறையான விசாரணை என்று நான் வியந்துபோனேன். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. தொடவில்லை. கோப்பி கொடுத்தோம், அதையும் தொடவில்லை. தேத்தண்ணியைக்கூட லஞ்சமாக நினைக்கிற நாடு இது என்று அக்காவுக்கு மெதுவாகச் சொன்னேன். கடைசியில் பதில் எப்போது வரும் என்று பணிவாகக் கேட்டேன். மனதாரப் பிரார்த்தனை செய்தால் பதில் கட்டாயம் வரும் என்றார்கள். எங்கள் திணைக்களத்திலும் ஆட்களுக்கு இதைத்தான் வேறு விதமாகச் சொல்லி அனுப்புவோம்.

மூன்றாவது தரம் வந்தபோது கௌசிகன் வீட்டில் நின்றான். “அப்பா, இவை இமிக்ரேஷன் இல்லை, சேர்ச் ஆக்கள்” என்றான். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாமா என்று இருந்தது. பெடியளுக்கும் அதே வெட்கம். நான் ஏன் பொலிஸ் அறிக்கை காட்டினேன் என்று அவர்களும் மூன்று கிழமையாக யோசித்தபடி இருந்தார்களாம். தேத்தண்ணியும் கோப்பியும் அவர்கள் சபையில் விலக்காம், முன்னோர் பெயர் கேட்டு எழுதுவது அவர்கள் வழக்கமாம். ஆறு மாதத்தில் முழுசாகக் கதவு திறந்த முதல் வீடு எங்களுடையதுதானாம். ஒருவன் தொங்காத் தீவுக்காரன், மற்றவன் ஜென்சன். இருபது வயது ஆகாததுகளுக்குச் சபையில் மூத்தவர் என்று பட்டம் வேறு. வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், மரியாதைக்கு, உனக்கு எந்த ஊர் தம்பி என்று ஜென்சனைக் கேட்டேன். அங்கேதான் நான் மாட்டுப்பட்டேன்.

அமெரிக்காவில் சால்ட் லேக் பட்டணமாம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன், இதே ஜூலை மாதத்தில், இருந்த ஊர்களிலெல்லாம் அடித்துக் கலைக்கப்பட்ட சனம் நூற்றைம்பது பேர் வரையில் மாட்டு வண்டியோடு ஆயிரம் மைல் கடந்து, ஒருவருக்கும் வேண்டாத பாலைவனத்தில் வந்து இறங்கியிருக்கிறது. பக்கத்தில் ஏரி இருந்ததாம், ஆனால் கடலைவிட உப்பு. வந்த உடனேயே மலையோடையை மறித்து, வாய்க்கால் வெட்டி, காய்ந்த நிலத்தை நனைத்து, உருளைக்கிழங்கு நட்டார்களாம். வந்த உடனேயே, ஆனந்தராசா! எங்கள் திணைக்களத்தில் அதற்குப் பைல் திறக்க இரண்டு போகம் போயிருக்கும். அடுத்த வருஷம் பூச்சி வந்து பயிரைத் தின்ன, கடற்பறவைகள் வந்து பூச்சியைத் தின்றதாம். பிறகு வண்டி வண்டியாக ஆட்கள் வந்து மூன்றே வருஷத்தில் ஆறாயிரம் பேராம். வண்டி திரும்புகிற அகலத்தில் தெரு போட்டு, நாற்பது வருஷம் இருந்து ஒரு கோயிலும் கட்டி முடித்திருக்கிறார்கள். நாற்பது வருஷம் ஒரே கமிட்டியாக இருந்தார்களா என்று கேட்டேன், பெடியனுக்குத் தெரியவில்லை. ஆனால் அவனுடைய பூட்டனாருக்கு என்ன வேலை தெரியுமோ? எந்தத் தோட்டத்துக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று முறை பார்த்துத் திறந்து விடுகிற வேலை. அச்சொட்டாக எங்கள் வட்டவிதானை! எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதத்தால் இல்லை, முறைத் தண்ணீரால்.

நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, “அப்ப அதுகளும் எங்களைப் போலக் கலைபட்டதுகளோ?” என்று கேட்டா. ஓம் என்றேன். பிறகு எழும்பிப் போய் இரண்டு தட்டில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டுக்கொண்டு வந்தா. பெடியள் அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கிழமைக்கொரு தரம் வருவார்கள். அவர்கள் வேதம் சொல்வார்கள், நான் குளத்துத் துரிசுக் கதவு, வாய்க்கால் வாட்டம், அணைக்கட்டுக் கசிவு பற்றிச் சொல்வேன். ஜென்சனுக்கு அவனுடைய ஊரிலிருந்து அந்தப் பூட்டனாரின் பழைய தண்ணீர் முறைப் புத்தகத்தின் போட்டோக் கொப்பி வந்தது. அவர்கள் தந்த நீல வேதப் புத்தகத்தைவிட அதைத்தான் நான் ஆசையாக வாசித்தேன். எங்கள் பின்வளவு களிமண், மழைக்குக் குளம் போலத் தேங்கும், அக்காவால் ஒரு செடி வைக்க முடியாது. அதைச் சொன்ன அடுத்த கிழமையே பெடியள் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். வேறு வீட்டிலிருந்து நேரே வந்ததால் அதே வெள்ளைச் சட்டை. ஒரு பின்னேரத்தில் அறுபதடி வாய்க்கால் வெட்டினோம். நான் பள்ளப் பக்கம் நின்று மட்டம் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பின்னால் போனேன். போனவன் விழுந்தேன். தேங்கி நின்றது முழங்கால் ஆழம்தான், ஆனால் நான் விழுந்த விதத்தில் உச்சந்தலைவரை நனைந்துவிட்டது. பெடியள் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கினார்கள். அக்கா கைகூப்பி முருகா முருகா என்று நின்றா. கௌசிகன் போட்டோ எடுத்தான். சரியாக அந்த நிமிஷம் மகேசன் சான்ட்ரிங்ஹாம் கடையில் வாங்கிய கறிவேப்பிலையோடு பக்க வாசலால் வந்தார். பையை நிலத்தில் வைத்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். முப்பத்தொரு வருஷம் குளத்தோடு கிடந்தவன் முழங்கால் தண்ணீருக்குள் விழுந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டு நானும் அவரைக் கூப்பிட்டு விளக்கவில்லை. நான் செய்த பிழை அது ஒன்றுதான்.

இப்போது தண்ணீர் வழிந்து ஓடுகிறது. அக்கா நட்ட கிழங்கு முளைவிட்டிருக்கிறது. காலையில் எழும்பினால் இரண்டு பேரும் போய் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், மனது நிறைந்து இருக்கிறது. பெடியளுக்குப் போன கிழமை வேறு ஊருக்கு மாற்றம் வந்துவிட்டது. போகும்போது அக்காவும் அழுதா, தொங்காக்காரனும் அழுதான். இனிப் புதிதாக யார் வந்தாலும் வாசலிலேயே மரியாதையாகச் சொல்லி அனுப்புவதாக இருக்கிறேன். நீர் யோசிக்க வேண்டாம். எந்தத் தகடு எந்த இடத்துத் தகடு என்று எனக்கு இப்போது ஒரு பார்வையில் பிடிபடும்.

சாந்தகுமாரிக்கு எங்கள் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், படிப்பும் பல்லும் நன்றாக இருக்கட்டும். மகேசனுக்கு நீர் போன் எடுத்தால் கறிவேப்பிலை நல்ல கறிவேப்பிலை என்று சொல்லும்.

என்றும் மாறாத,
அத்தான் கதிர்காமநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இதையும் எழுதவேண்டி வந்துவிட்டது. இன்று திங்கட்கிழமை காலை டையும் தகடுமாக ஒருவர் கதவைத் தட்டினார். சங்கிலியைக் கழற்றாமலே, அவர் வாய் திறப்பதற்கு முன்னால் நானே சொன்னேன்: “தம்பி, நான் இனி எங்கேயும் மாறுகிறதாக இல்லை. மகன் இங்கே, மனுசி நட்ட கிழங்கு பின்வளவிலே. நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம். வேறு ஒரு இடமும் எங்களுக்குக் காட்ட வேண்டாம்.” அவர் மெதுவாக இன்னொரு தரம் சொல்லச் சொன்னார், சொன்னேன், எழுதிக்கொண்டார். கதவைச் சாத்திவிட்டு வந்து அக்காவுக்குப் பெருமையாகச் சொன்னேன். கதவுக்குக் கீழே அவர் தள்ளிவிட்டுப் போன அட்டையை அக்காதான் எடுத்து வாசித்தா. இமிக்ரேஷன் அதிகாரி. நீங்கள் சொன்னதை அப்படியே பைலில் சேர்க்கிறேன், வியாழக்கிழமை பத்து மணிக்குத் திரும்ப வருகிறேன், தயவுசெய்து கதவைத் திறக்கவும் என்று பின்பக்கம் எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பதா, கந்தனுக்கு நேர்த்தி வைப்பதா என்று தெரியவில்லை. உம்முடைய அக்கா இரண்டையும் செய்துகொண்டிருக்கிறா.