சோப்பு டப்பாவும் மூலை நாற்காலியும்

"டப்பா சாய்ஞ்சு நிக்குது. லேபிள் மட்டும் பரேடுல நிக்கிற மாதிரி விறைப்பா நிக்குது. ஒட்டவே இல்லைங்க."

மனைவி இப்படிச் சொன்னதும் ஓவியர் பல்லைக் கடித்தார். சோப்புக்காரர் வரும் நேரம். கம்ப்யூட்டரில் வரைந்த அட்டை டப்பா ஒய்யாரமாகத் திரும்பிப் பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் மேல் வைத்த லேபிளோ ஆணி இல்லாத காலண்டர் மாதிரி காற்றில் தொங்கியது. இந்தப் படம் அவருக்குப் பிடித்தால்தான் அவர் கடை டப்பாக்களை வரையும் வேலை மொத்தமும் இவர் கைக்கு வரும்.

"லேபிளையும் டப்பா சாயுற பக்கமே சாய்ச்சு, அகலத்தைக் கொஞ்சம் குறைங்க."

"எனக்கே பாடமா? நான் மவுஸைப் பிடிச்சப்போ நீ எலிக்குப் பயந்து கட்டில் மேல நின்னவ."

"இப்பவும் நிப்பேன். ஆனா லேபிள் ஒட்டலை."

ஒட்டவில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் அவள் சொன்னபிறகு எப்படிச் சாய்ப்பது? மானம் என்று ஒன்று இருக்கிறதே. லேபிளைச் சாய்க்க மாட்டேன், பார்க்கிற ஆளைச் சாய்க்கிறேன் என்று முடிவெடுத்தார். நாற்காலியை அறை முழுக்க இழுத்து, ஒற்றைக் கண்ணை மூடி மூடிப் பார்த்தார். பீரோவை ஒட்டின மூலையில் போட்டு உட்கார்ந்தால் லேபிள் ஒட்டின மாதிரியே இருந்தது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு குளிக்கப் போனார்.

துண்டோடு வந்தவரிடம் மனைவி, "அவர் வர்றதுக்குள்ள ஒரு தரம் நேரா உக்காந்து பாருங்க" என்றாள்.

"எல்லாம் பார்த்தாச்சு" என்று தலை வாரப் போய்விட்டார்.

சோப்புக்காரர் வந்தார். "இங்க உக்காருங்க சார், காத்து வரும்" என்று அவரைப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் செருகினார் ஓவியர்.

"என்னங்க, டப்பாவை யாரோ மிதிச்ச மாதிரி இருக்கு? எழுத்தெல்லாம் சரிஞ்சு விழுதே?"

ஓவியருக்கு மறுபடி குளித்த மாதிரி வியர்த்தது. ஒரு கண்ணை மூடிக்கச் சொல்லலாமா என்றுகூட யோசித்தார். அதற்குள் மனைவி தண்ணீரோடு வந்துவிட்டாள்.

"அங்க ஏண்ணா ஒடுங்கிக்கிட்டு? இப்படி நேரா வாங்க."

நாற்காலி கம்ப்யூட்டருக்கு நேராக வந்தது. சோப்புக்காரர் முகம் மலர்ந்தது.

"அட, கையால ஒட்டினாப்ல இருக்கே. எல்லா டப்பாவையும் நீங்களே போட்டுக் குடுத்துடுங்க."

"எல்லாம் இவர் வேலைதாண்ணா. எனக்கு எலின்னாலே பயம்."

அவர் போனதும் ஓவியர் மெதுவாகக் கேட்டார். "எப்ப மாத்துன?"

"நீங்க குளிக்கிறப்போ பாடுனீங்களே. ரெண்டாவது பாட்டுக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நேரா உக்காந்து பாருங்கன்னு சொன்னேனே."

சொன்னாள்தான். அவர்தான் உட்காரவில்லை.